விளைபொருளிலுள்ள ரசாயனங்களை இனங்காணும் மென்பொருள்

ஈரோட்டு மண்டிக்கு வரும் விரலி மஞ்சளை வியாபாரி கையால் முறித்து, உள்நிறத்தைப் பார்த்து, முகர்ந்து விலை சொல்வது நெடுநாளைய வழக்கம். ஆனால் அயல்நாட்டுக்குச் செல்லும் சரக்கின் கதி இப்பொழுது அத்துடன் முடிவதில்லை. பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் ஒரு தாளில் எந்த ரசாயனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அச்சரக்கு கப்பலேறுவதும் திரும்பி வருவதும் இருக்கின்றன. பெயர் தவறாக எழுதப்பட்டால் ஒரு வருஷத்து வெள்ளாமை வீணாகிறது. எழுத வேண்டிய பெயர் விடுபட்டால் உண்பவரின் தேகத்துக்குத் தீங்கு நேரிடுகிறது. அப்பெயரை முதன்முதல் முன்மொழிவது பெரும்பாலும் மனிதரல்ல. கம்ப்யூட்டரில் இயங்கும் மென்பொருளே. அது எவ்விதம் பெயரைக் காண்கிறது, அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் விஷயங்களைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியமாதலால், அவற்றை இங்கே சுருக்கமாக விவரிக்கிறோம்.

தேடும் அளவு எவ்வளவு சிறியது

ஐரோப்பிய யூனியன் தேசங்களில், தனியாக வரம்பு விதிக்கப்படாத பூச்சிமருந்துக்கு ஒரு கிலோ உணவுப்பொருளில் 0.01 மில்லிகிராம் என்பது பொது வரம்பாகும். இதன் சிறுமையை உணர ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்து வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நூறு டன் சரக்கு முழுவதிலும் பரவிய மருந்து ஒரே ஒரு கிராம் என்றால், அதுதான் மேற்படி வரம்பு. இவ்வளவு சொற்பமான பொருளைக் கண்ணாலும் மூக்காலும் அறிய இயலாது. சாதாரண ரசாயனச் சோதனையாலும் இயலாது.

அயல்நாட்டு வியாபாரத்துக்கு மட்டுமே உரிய விஷயம் இது என்று எண்ண வேண்டாம். 2015-ம் வருஷத்தில், தமிழ்நாட்டிலிருந்து செல்லும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்று கேரளத்தில் புகார் எழுந்ததும், தமிழ்நாடு அதை மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். வாளையாற்றைத் தாண்டும் தக்காளிக்கும் கத்தரிக்கும்கூடப் பரிசோதனைத் தாளின் வார்த்தை முக்கியமாகிவிட்டது.

யந்திரம் செய்யும் வேலை

இதற்கு உபயோகப்படும் யந்திரத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் என்று பெயர். தமிழில் இதை நிறை நிறமாலைமானி என்பர். பெயரில் நிறம் இருப்பினும் இதில் நிறம் பார்க்கப்படுவதில்லை, எடையே பார்க்கப்படுகிறது. நியான் என்னும் வாயுவில் 20, 22 என்ற இரண்டு எடையுள்ள அணுக்கள் கலந்திருப்பதைக் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்ஸன் முதலில் கண்டார். அவரிடம் வேலை செய்த ஆஸ்டன் 1919-ம் வருஷத்தில் யந்திரத்தைச் சீர்ப்படுத்தி, 1922-ம் வருஷத்து ரசாயன நோபல் பரிசைப் பெற்றார்.

அரைத்த மஞ்சளிலிருந்து ரசாயனப் பொருள்களைத் திரவத்தில் இறக்கி, அதை முதலில் மெல்லிய நீண்ட குழாயில் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் அக்குழாயைக் கடக்கத் தனக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வெளிவரும் பொருளின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, அவற்றை உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையை யந்திரம் அளக்கிறது. குடத்தைக் கல்லில் போட்டால் கழுத்து வேறாகவும் வயிறு வேறாகவும் அடி வேறாகவும் உடைகிறதல்லவா? சில்லுகளைப் பார்த்தே அது தண்ணீர்க் குடமா, தயிர்ச் சட்டியா என்று குயவர் சொல்லிவிடுவார். அதுபோலவே ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய இடங்களில் உடைகிறது. துண்டுகளின் எடையைக் கிடைக்கோட்டிலும் அவற்றின் மிகுதியை உயரத்திலும் குறித்த கோடுகளின் வரிசையே நிறை நிறமாலை ஆகும். இனங்காணும் மென்பொருளின் கைக்கு வருவது இந்தக் கோட்டு வரிசை மட்டுமே.

ஈரோட்டு மஞ்சள் ஓர் உதாரணம்

2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற நமது ஈரோட்டு மஞ்சளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள்கள் முக்கியமாக மூன்று: குர்குமின், டிமெத்தாக்ஸி குர்குமின், பிஸ்டிமெத்தாக்ஸி குர்குமின். இவற்றின் மூலக்கூறு எடைகள் முறையே 368, 338, 308. ஒன்றுக்கொன்று 30 குறைவதைக் காண்க. குர்குமினின் இரு முனைகளிலும் மெத்தாக்ஸி என்னும் சிறு கிளை உண்டு. இரண்டாவதில் ஒரு முனையில் மட்டும் உண்டு. மூன்றாவதில் எந்த முனையிலும் இல்லை. ஒரு கிளை போனால் எடையில் 30 குறைகிறது.

இப்பொருள்களைத் திரவத்துளியாகச் சிதறச் செய்து மின்னூட்டம் கொடுக்கும் முறையில், ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜனைக் கூடுதலாக ஏற்று 369, 339, 309 என்று தோன்றும். இம்முறையை வகுத்த ஜான் பென் 2002-ம் வருஷத்து நோபல் பரிசில் பங்கு பெற்றார். பின்பு உடைக்கும்போது, கிளையுள்ள முனை 177 எடையுள்ள துண்டாகவும் கிளையில்லாத முனை 147 எடையுள்ள துண்டாகவும் பிரிகின்றன. ஆகவே குர்குமினில் 177 வரும், 147 வராது. மூன்றாவதில் 147 வரும், 177 வராது. நடுவிலுள்ளதில் இரண்டும் வரும். முழு எடை 339 என்றும், துண்டுகள் 177-ம் 147-ம் என்றும் யந்திரம் காட்டினால், ஒரு முனையில் மட்டும் கிளை இருக்கிறதென்று யாரும் ஊகித்துவிடலாம். இந்த ஊகத்தைப் பல்லாயிரம் பொருள்களுக்கு இமைப்பொழுதில் செய்யும்படி விதிகளாக எழுதுவதே மென்பொருள் அமைப்பவரின் வேலையாகும்.

எடையின் தசம இலக்கங்களும் உதவி செய்கின்றன. ஹைட்ரஜன் அணுவின் எடை சரியாக 1 அன்று, 1.0078, ஆக்ஸிஜனின் எடை 16 அன்று, 15.9949. ஆதலால் நுட்பமான யந்திரத்தில் குர்குமின் 369.133 என்று விழும். 369 என்று தோன்றும் வேறு பொருளின் தசமம் பெரும்பாலும் வேறாக இருக்கும். தசமத்தைக் கொண்டு, எத்தனை கார்பன், எத்தனை ஹைட்ரஜன், எத்தனை ஆக்ஸிஜன் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது.

வேறொரு அடையாளமும் உண்டு. குளோரின் அணுக்களில் 35 எடையுள்ளவையும் 37 எடையுள்ளவையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று வீதம் கலந்திருக்கின்றன. புரோமினில் 79-ம் 81-ம் ஏறக்குறையச் சரிபாதி. பருத்திக்கு அடிக்கும் புரோபெனோபாஸ் மருந்தில் குளோரின் ஒன்றும் புரோமின் ஒன்றும் உள்ளன. ஆகையால் அதன் எடை 372, 374, 376 என்று மூன்று கோடுகளாக, சுமார் 3 : 4 : 1 என்ற உயரத்தில் தோன்றும். மஞ்சளின் நிறப்பொருள்களில் குளோரினும் இல்லை, புரோமினும் இல்லை. எனவே மஞ்சள் மாதிரியில் இம்மூன்று கோடுகள் தெரிந்தால், பக்கத்துப் பருத்திக்காட்டு மருந்து காற்றில் வந்ததோ, மருந்து வைத்த சாக்கில் மஞ்சளைக் கட்டினதோ என்று ஐயுற இடமுண்டு. மஞ்சள்தூளில் கலப்படக்காரர் சேர்க்கும் மெட்டானில் எல்லோ என்னும் சாயமும் இவ்விதமே பிடிபடும். இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்படாத அச்சாயத்தின் மூலக்கூறில் கந்தகமும் நைட்ரஜனும் இருப்பதால், குர்குமினோடு அதை மென்பொருள் குழப்பிக்கொள்வதில்லை.

ஒப்புநோக்கும் முறை

இனங்காணும் மென்பொருள்களில் பழையதும் பெரிதும் வழங்குவதுமான முறை ஒப்புநோக்குதல். அறிந்த பொருள்களை ஒவ்வொன்றாக யந்திரத்தில் செலுத்தி, அவற்றின் கோட்டு வரிசைகளைத் தொகுத்து வைக்கிறார்கள். ஆவியாகும் பொருள்களை 70 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களால் உடைப்பது உலகெங்கும் ஒரே வழக்கமாகிவிட்டதால், எந்தத் தேசத்தில் உடைத்தாலும் சில்லுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எனவே ஓரிடத்துத் தொகுப்பு எல்லா இடத்துக்கும் பயன்படுகிறது. அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தர நிர்ணய ஸ்தாபனம் பராமரிக்கும் இத்தகைய தொகுப்பில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அடங்கியுள்ளன. ஜப்பானியர் 2006-ம் வருஷத்தில் தொடங்கிய மாஸ்பேங்க் யாவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது.

ஒற்றுமையை மென்பொருள் எப்படி அளக்கிறது? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நமது மாதிரியில் மூன்று கோடுகளின் உயரம் 100, 50, 20 என்க. தொகுப்பிலுள்ள முதற்பொருளில் அதே இடங்களில் 100, 40, 30. இரண்டாம் பொருளில் 20, 100, 50. இடத்துக்கிடம் உயரங்களைப் பெருக்கிக் கூட்டி, இரு வரிசைகளின் மொத்தப் பருமனால் வகுத்தால், முதற்பொருளுக்கு 0.99-ம் இரண்டாவதற்கு 0.62-ம் வரும். ஒன்று என்பது முழு ஒற்றுமை. பூஜ்யம் என்பது ஒற்றுமையே இன்மை. நிஸ்ட் மென்பொருள் இதையே 999-க்கு இத்தனை என்று மார்க்காகக் காட்டும்.

ஒப்பிடுவதற்குமுன் செய்யவேண்டிய ஒரு வேலை இதைவிடக் கடினம். குழாயிலிருந்து இரண்டு பொருள்கள் ஒரே சமயத்தில் வெளிவந்தால், இரு குடங்களின் சில்லுகள் ஒரே குவியலாகக் கிடக்கும். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் கோடுகளைச் சேர்த்து, மற்றவற்றை விலக்கிப் பிரிக்க வேண்டும். இதற்கென நிஸ்டில் 1990-களில் உண்டான ஆம்டிஸ் என்னும் மென்பொருள், ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் சோதனைகளுக்காக அமைக்கப்பட்டது. தவறான பெயரொன்று தேசங்களுக்கிடையே பகை மூட்டக்கூடிய வேலைக்கு எவ்வளவு ஜாக்கிரதை தேவையென்பது சொல்லாமலே விளங்கும்.

தொகுப்பில் இல்லாத பொருள்

தொகுப்பிலுள்ளவை சில லட்சம். ஆனால் பப்கெம் என்னும் பொதுப் பதிவில் மட்டும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ரசாயனப் பொருள்கள் பதிவாகியுள்ளன. பட்டா இல்லாத நிலம் பட்டா உள்ளதைப் போல் நூறு மடங்கு என்பது போன்ற நிலைமை இது. தொகுப்பில் இல்லாத பொருளை எப்படி இனங்காண்பது?

இதற்கு முதலில் வழி தேடியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார். 1965-ம் வருஷத்தில் எட்வர்ட் பைகன்பாம், ஜோஷுவா லெடர்பெர்க், ரசாயன நிபுணர் கார்ல் ஜெராஸி முதலியோர் கூடி டென்ட்ரல் என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அணுக்களின் எண்ணிக்கை தெரிந்தால், அவற்றைக் கொண்டு கட்டக்கூடிய அமைப்புகளையெல்லாம் அது வரிசைப்படுத்தும். ஒவ்வோர் அமைப்பும் உடைந்தால் என்ன துண்டுகள் வரும் என்று கணிக்கும். யந்திரம் காட்டியதோடு பொருந்தாதவற்றைத் தள்ளிவிடும். நிபுணரின் அனுபவத்தை விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று.

பிற்காலத்தில் இவ்வழி பலவாகக் கிளைத்தது. ஜெர்மனியில் 2010-ம் வருஷத்தில் வெளியான மெட்பிராக், ஒவ்வொரு அமைப்பையும் கணக்கிலேயே உடைத்துப் பார்க்கிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா சர்வகலாசாலையிலிருந்து 2014-ல் வந்த சி.எப்.எம்.-ஐ.டி., எந்தப் பிணைப்பு எவ்வளவு எளிதில் உடையும் என்பதை அறிந்த உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்கிறது. ஜெர்மனியின் ஜேனா நகரத்தார் 2015-ல் வெளியிட்ட சி.எஸ்.ஐ. பிங்கர் ஐ.டி., கோட்டு வரிசையிலிருந்து பொருளின் அங்க அடையாளங்களை ஊகித்து, அவ்வடையாளமுள்ள பொருளைப் பதிவுகளில் தேடுகிறது. இத்தகைய மென்பொருள்களின் உண்மைத் திறமையை அறிய, விடை மறைத்த பொருள்களைக் கொடுத்துப் போட்டி நடத்தும் காஸ்மி என்னும் ஏற்பாடு 2012-ம் வருஷம் தொடங்கிற்று.

இம்முறையில் எந்தப் பதிவில் தேடுகிறோம் என்பது மிக முக்கியம். சென்னை தரமணியிலுள்ள கணித விஞ்ஞான ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், இந்திய மூலிகைகளிலுள்ள ரசாயனப் பொருள்களைத் திரட்டி இம்பாட் என்னும் பதிவை 2018-ம் வருஷத்தில் வெளியிட்டனர். முதற்பதிப்பில் 1,742 மூலிகைகளும் 9,596 பொருள்களும் இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவை 4,010-ம் 17,967-ம் ஆயின. அதிலிருப்பது பொருள்களின் அமைப்பே, கோட்டு வரிசையன்று. ஆயினும் நமது பயிரில் இயல்பாகவே உள்ள பொருளை அயலார் நஞ்சென்று கொள்ளாமலிருக்க, இத்தகைய சொந்த நாட்டுப் பதிவுகள் பெருந்துணை.

ஏமாற்றம் நேரும் இடங்கள்

மஞ்சள் எண்ணெயில் ஆல்பா டர்மரோன், பீட்டா டர்மரோன் என்று இரண்டு பொருள்கள் உண்டு. இரண்டின் எடையும் 218. அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றே. அமைப்பு மட்டுமே வேறு. கறிவேப்பிலை எண்ணெயிலுள்ள ஆல்பா பைனீனும் சபினீனும் இப்படியே 136 எடையுள்ளவை. இரண்டிலும் மிக உயர்ந்த கோடு 93-ல் விழும். இரட்டைப் பிள்ளைகளைக் காலடியைக் கொண்டு பிரித்தறிவது போன்ற காரியம் இது. இங்கே 999-க்கு 940 மார்க் என்பது, இன்னதுதான் என்பதற்குச் சான்றாகாது. அடுத்த பெயருக்கு 935 மார்க் இருக்கலாம். குழாயைக் கடந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை தெளியாது.

மென்பொருள் எத்தனை தடவை தவறு செய்யும் என்பதை அறியவும் ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். கிராமத்தில் வீடுவீடாகச் சென்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் ஒருவரின் வேலையைச் சோதிக்க, இல்லாத ஆட்களின் பெயர்கள் சிலவற்றை அதில் கலந்து கொடுத்தால், எத்தனை பொய்ப்பெயருக்கு நேரே 'உண்டு' என்று குறித்திருக்கிறார் என்பதிலிருந்து அவர் வேலையின் தரம் வெளியாகிவிடும். அவ்வாறே பொய்க் கோட்டு வரிசைகளைத் தொகுப்பில் கலந்து, மென்பொருள் அவற்றில் எத்தனையை மெய்யென்று ஏற்கிறது என்று எண்ணும் முறையைச் சிறு மூலக்கூறுகளுக்கும் பொருத்தி 2017-ம் வருஷத்தில் வெளியிட்டனர்.

பெயரின் ஐந்து படிகள்

சுவிட்சர்லாந்திலுள்ள எவாக் என்னும் நீர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள், இனங்காணும் உறுதியை ஐந்து படிகளாக 2014-ம் வருஷத்தில் வகுத்தனர். ஐந்தாம் படியில் எடை மட்டும் தெரியும். நான்காம் படியில் அணுக்களின் எண்ணிக்கை தெரியும். மூன்றாம் படியில் சில பெயர்கள் போட்டியிடும். இரண்டாம் படியில் தொகுப்போடு ஒப்பிட்டு ஒரு பெயர் பெரும்பாலும் சரியென்று கொள்ளப்படும். முதற்படியில் மட்டுமே பெயர் உறுதியாகும். அதற்கு அப்பொருளின் சுத்தமான மூலமாதிரியை வாங்கி, அதே யந்திரத்தில் அதே விதமாகச் செலுத்தி, நேரமும் துண்டுகளும் ஒத்திருப்பதைக் காண வேண்டும்.

மென்பொருள் தானே ஏறக்கூடிய உயரம் இரண்டாம் படி வரையில்தான். முதற்படிக்கு மனிதரும் மூலமாதிரியும் வேண்டும். இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டானால் அது இதுவே. பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஐரோப்பியச் சோதனைச் சாலைகளுக்குரிய வழிகாட்டியும் இதையே அனுசரிக்கிறது: குழாயைக் கடந்த நேரம் மூலமாதிரியின் நேரத்தோடு 0.1 நிமிஷத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். இரண்டு துண்டுகளாவது தெரிய வேண்டும். அவற்றின் விகிதம் நூற்றுக்கு 30-க்கு மேல் மாறக்கூடாது.

குடியானவர்களும் உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

1. எந்த மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு அடித்தது என்பதை நோட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மென்பொருள் இரண்டு பெயர்களுக்கிடையே தயங்கும்போது, பரிசோதகருக்கு இக்குறிப்பு நல்ல துணையாகும். பக்கத்துக் காட்டில் அடித்ததையும் தெரிந்தவரையில் குறித்துக்கொள்க.

2. மருந்துச் சீட்டில் கண்ட காத்திருப்பு நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யலாகாது. இதற்கு ஈடான மென்பொருள் ஏதும் இல்லை.

3. மாதிரியை ஒரே மூட்டையிலிருந்து எடுக்காமல், குவியலின் பல இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்து, சுத்தமான புதுப் பையில் கட்டுக. மருந்தோ உரமோ வைத்த சாக்கையும் மருந்து தொட்ட கையையும் விலக்குக. மாதிரி கெட்டால் யந்திரம் எவ்வளவு நுட்பமாயிருந்தும் பயனில்லை. நுட்பம் மிகுந்த அளவுக்குக் கேடும் மிகும்.

4. மாதிரியை இரண்டு பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றைப் பத்திரப்படுத்துக. கிராம உத்தியோகஸ்தர்கள் தேதியும் இடமும் எழுதிச் சாட்சிக் கையெழுத்திட்டால், பின்னால் வழக்கெழும்போது உதவியாகும்.

5. தாளில் ஒரு நஞ்சின் பெயர் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கலாம். மூலமாதிரியோடு ஒப்பிட்டார்களா? எத்தனை துண்டுகள் ஒத்தன? அளவு என்ன, அளக்கக்கூடிய கீழெல்லை என்ன? இவற்றைக் கேட்பது குடியானவரின் உரிமை. விடை கூறுவது நல்ல சோதனைச் சாலையின் பெருமை.

6. 'காணப்படவில்லை' என்று எழுதியிருந்தால், தேடிய பட்டியலிலுள்ள பொருள்கள் கீழெல்லைக்கு மேல் இல்லை என்பதே அதன் பொருள். பட்டியலில் சேராத மருந்தைப் பற்றி அத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் எந்தெந்தப் பொருள்களைத் தேடினார்கள் என்னும் பட்டியலையும் கேட்டு வாங்குக.

1868-ம் வருஷத்தில் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-ல் கோயமுத்தூருக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வேளாண்மைக் கலாசாலை நம் அருகிலேயே இருக்கிறது. பூச்சிமருந்து எச்சம் பற்றிய பரிசோதனையும் ஆராய்ச்சியும் அங்கே நடைபெறுகின்றன. சந்தேகமுள்ளவர்கள் சரக்கைக் கட்டி அனுப்பிய பிறகு அல்ல, அனுப்புமுன்பே விசாரித்தறிதல் நலம். மண்டியில் விரலியை முறித்துப் பார்ப்பவர் சொல்லும் விலையைக் குடியானவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. எதைக் கண்டு அவ்விலை சொன்னார் என்று கேட்கிறார். மென்பொருள் சொல்லும் பெயரையும் அவ்விதமே கேட்டறிந்து ஏற்றால், நியாயமான பெயருக்கு அஞ்ச வேண்டியதில்லை. நியாயமற்ற பெயருக்குத் தலைவணங்க வேண்டியதுமில்லை.